‘மனநல மாத்திரைகள் நிறுத்தம்’ என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மகப்பேறு மருத்துவர்களுக்கும், மனநல மருத்துவர்களுக்கும், பொது மருத்துவர்களுக்கும், மருந்தகங்களில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கர்ப்பம் உறுதியான அன்றைக்கே சீட்டில் ஏறிவிடும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல். “மனநல மாத்திரைகள் நிறுத்தம்.” எந்த மாத்திரை, என்ன அளவு, எத்தனை வருடமாக, எந்த நோய்க்கு என்ற விவரம் எதுவும் அதில் இருக்காது. ஃபோலிக் அமிலம் எழுதிய அதே வேகத்தில் அதுவும் எழுதப்படும். எழுதியவருக்குக் குழந்தையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி. சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் தூக்கமும் சாப்பாடும் போய் வேறொரு பிரிவில் சேர்க்கப்படும்போது, அந்தச் செய்தி இவர் காதுக்கு வருவதேயில்லை. அதனால்தான் அந்த வரி திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது.

மருந்தைத் தொடர்வதற்கு ஆயிரம் யோசிக்கிறோம், நிறுத்துவதற்கு யோசிப்பதில்லை. நிறுத்துவதும் ஒரு மருத்துவ முடிவுதான். அதற்கும் விளைவு உண்டு, அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் நாள் கணக்கு. கருவின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணினால் ஆறு வாரம். தீட்டுத் தள்ளிப்போய், வீட்டில் சோதித்து, உங்களிடம் வந்து உட்காரும்போது பெரும்பாலும் அந்த நாள் கடந்திருக்கும். இதயத்தின் அமைப்பும் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். எட்டாவது வாரத்தில் சட்டென்று நிறுத்தினால், முந்தைய வாரங்களில் கரு சந்தித்தது எதுவும் இல்லாமல் போகாது. புதிதாகச் சேர்வது, தாயின் நோய் திரும்பும் ஆபத்து மட்டுமே. அதைவிட மோசமானது, நிறுத்திவிட்டுப் ‘பாதுகாப்பான’ வேறொன்றை எழுதிக் கொடுப்பது. ஒரு மருந்தைச் சந்தித்த கரு இப்போது இரண்டைச் சந்திக்கிறது. அந்த இரண்டாவது மருந்து இந்தப் பெண்ணுக்கு வேலை செய்யுமா என்று யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே வேலை செய்து நிரூபித்த மருந்தைக் கைவிடுவதற்கு வலுவான காரணம் வேண்டும்.

நோய் திரும்புவது வெறும் சாத்தியக்கூறு அல்ல. 2006இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் வந்த ஆய்வில், மனச்சோர்வு மருந்தைக் கர்ப்பத்தில் நிறுத்திய பெண்களில் 68 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26 சதவீதம். அதீத உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய் உள்ள பெண்களைப் பற்றிய 2007 ஆய்வில் இந்த இடைவெளி இன்னும் பெரியது: நிறுத்தியவர்களில் 85 சதவீதத்துக்கு மேல், தொடர்ந்தவர்களில் 37 சதவீதம். இந்த எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு எல்லோர் மீதும் போடக் கூடாது. சிறப்பு மையங்களுக்கு வந்த, நோய் அடிக்கடி திரும்பும் தன்மை கொண்ட பெண்கள் அவர்கள். ஒரே ஒருமுறை லேசான மனச்சோர்வு வந்து, ஒரு வருடத்துக்கும் மேலாக நலமாக இருக்கும் பெண், உளவியல் ஆலோசனையின் துணையோடு மெல்ல மெல்ல மருந்தை விடலாம். பலர் நன்றாகவே இருப்பார்கள். ஆனால் தற்கொலை முயற்சி, மருத்துவமனை அனுமதி, முன்பு நிறுத்தியபோதெல்லாம் நோய் திரும்பிய வரலாறு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்துவதுதான் ஆபத்தான பக்கம். ‘முன்பு எப்போதாவது நிறுத்திப் பார்த்தீர்களா, என்ன ஆனது?’ என்று கேட்க அரை நிமிடம் போதும். அந்தக் கேள்வியின் பதில் எந்த மருந்துப் பட்டியலையும் விடப் பயன்படும்.

எந்த மருந்தும் எடுக்காத பெண்களின் குழந்தைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் பெரிய பிறவிக் குறைபாட்டோடு பிறக்கிறார்கள். எந்த மருந்தைப் பற்றிப் பேசினாலும் இந்த அடிப்படை எண்ணைப் பக்கத்தில் வைத்துத்தான் பேச வேண்டும். ‘ஆபத்து ஒன்றரை மடங்கு’ என்று மட்டும் சொன்னால் பயம்தான் மிஞ்சும். ஆயிரத்தில் இரண்டு என்பது மூன்றாகிறது என்று சொன்னால் அந்தப் பெண்ணால் யோசித்து முடிவெடுக்க முடியும்.

இந்த வாதத்துக்கெல்லாம் அடங்காத ஒரு மருந்து உண்டு: வலிப்புக்கும் இருமுனை நோய்க்கும் தரப்படும் வால்ப்ரோயேட். சோடியம் வால்ப்ரோயேட், டைவால்ப்ரோயெக்ஸ் என்று எந்தப் பெயரில் வந்தாலும் ஒன்றுதான். கர்ப்பத்தில் இதை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்குப் பெரிய பிறவிக் குறைபாடு. 30 முதல் 40 பேருக்குப் பேச்சு, கற்றல், நடத்தை ஆகியவற்றில் வளர்ச்சிக் கோளாறு. அளவு கூடக்கூட ஆபத்தும் கூடும். ஃபோலிக் அமிலம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புவதற்கு ஆதாரம் போதாது. கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இதை எழுதக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் இருபது வயதுப் பெண்ணின் இருமுனை நோய்க்கு இதுவே முதல் மருந்தாக எழுதப்படுவதைப் பார்க்கிறோம். ஒற்றைத் தலைவலிக்கு வேறொருவர் எழுதியிருப்பார், அது மனநலக் கோப்பில் இருக்கவே இருக்காது. இங்கே கர்ப்பம் தெரிந்த பிறகு செய்வதை விட, முதல் சீட்டை எழுதும்போது செய்வதற்குத்தான் மதிப்பு அதிகம். கர்ப்பம் தெரிந்துவிட்டால் சில நாட்களுக்குள் மனநல மருத்துவரிடம் அனுப்பி, வேறு மருந்துக்கு மாற்றியாக வேண்டும். வலிப்புக்காக எடுப்பவரை மட்டும் ஒருபோதும் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். நிற்காத வலிப்பு தாயையும் சிசுவையும் சேர்த்தே கொண்டுபோகும். நரம்பியல் மருத்துவரிடம் அன்றே பேசுங்கள். இன்னொரு வலிப்பு மருந்தான கார்பமாசெபினும் நரம்புக்குழாய்க் குறைபாட்டைக் கூட்டுவதுதான், வால்ப்ரோயேட் அளவுக்கு இல்லை. அதோடு அது கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். ‘எதிர்பாராத’ கர்ப்பங்களில் சில, இரண்டு சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் படித்திருந்தால் எதிர்பார்த்திருக்கக் கூடியவையே.

இருமுனை நோய்க்குத் தரப்படும் லித்தியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகம் பயப்படுவதும் அதில்தான், அதிகம் தவறு நடப்பதும் அதில்தான். 1970களின் பதிவேட்டில், லித்தியம் எடுத்த தாய்மாரின் குழந்தைகளுக்கு எப்ஸ்டைன் என்ற அரிய இதயக் குறைபாடு நானூறு மடங்கு அதிகம் என்று தோன்றியது. குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளைப் பற்றியே அதிகம் பேர் எழுதி அனுப்பினார்கள். நலமாகப் பிறந்த குழந்தையைப் பற்றி எழுதி அனுப்ப யாருக்கும் தோன்றாது. 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வில், முதல் மூன்று மாதத்தில் லித்தியம் எடுத்தவர்களின் குழந்தைகளில் இதயக் குறைபாடு நூற்றுக்கு 2.41, எடுக்காதவர்களில் 1.15. நாளுக்கு 600 மி.கி. வரை எடுத்தவர்களிடம் வித்தியாசம் மிகச் சிறிது, 900 மி.கி.க்கு மேல் போனவர்களிடம் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆக, கருத்தரிக்கும் முன்பே குறைந்த பயனுள்ள அளவுக்குக் கொண்டுவருவதும், 16 முதல் 20 வாரத்துக்குள் சிசுவின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்ப்பதும்தான் செய்ய வேண்டியவை. நிறுத்துவதென்று முடிவானாலும் நான்கு வாரமாவது எடுத்துப் படிப்படியாக நிறுத்துங்கள். அதற்குள் இதயம் உருவாகி முடிந்திருக்கும் என்பதையும், எனவே நிறுத்துவது அந்தக் குறைபாட்டைத் தடுக்காமல் போகலாம் என்பதையும் அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தொடர்வது என்றால் ரத்த அளவைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். கர்ப்பத்தில் சிறுநீரகம் வேகமாக வடிகட்டுவதால், கர்ப்பத்தின் நடுமாதங்களில் ரத்தத்தில் லித்தியம் அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். மாத்திரை அதேதான், நோயாளியும் ஒழுங்காகத்தான் விழுங்குகிறார், ஆனால் மருந்து போதவில்லை. 36 வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்க வேண்டியது கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு ஆய்வகத்துக்கு வந்தால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். அதைப் பார்த்து நீங்கள் மருந்தைக் குறைப்பீர்கள். இரண்டு வாரத்தில் நோய் திரும்பும். இன்னொரு கண்ணி ஆய்வகத்திலேயே இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க லித்தியம் ஹெப்பரின் பூசிய பச்சை மூடிக் குழாயில் மாதிரி எடுத்தால், குழாயின் லித்தியமும் சேர்ந்தே அளவில் ஏறும். எதிர்பாராமல் உயர்ந்த முடிவு வந்து, நோயாளியிடம் கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் எதுவும் இல்லையென்றால், மருந்தில் கை வைக்கும் முன் குழாயின் நிறத்தைக் கேளுங்கள்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. மசக்கை வாந்தி கடுமையாகி உடலில் நீர் வற்றினால் லித்தியம் நச்சு அளவுக்கு ஏறும். கால் வீக்கத்துக்காக ‘உப்பை அறவே விட்டுவிடு’ என்று நல்ல எண்ணத்தில் சொல்லும் அறிவுரையும் அதே வேலையைச் செய்யும். உடல் சோடியத்தைப் பிடித்து வைக்கும்போது லித்தியத்தையும் பிடித்து வைக்கும். பிரசவ வலி தொடங்கியதும் மாத்திரையை நிறுத்தி, கடைசி மாத்திரையிலிருந்து 12 மணி நேரத்தில் அளவைப் பார்த்து, நீர்ச்சத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும். பிரசவம் முடிந்ததும் சிறுநீரகம் பழைய வேகத்துக்குத் திரும்பும். கர்ப்பத்தில் ஏற்றிய அளவை அப்படியே தொடர்ந்தால் மிகையாகிவிடும், எனவே கர்ப்பத்துக்கு முந்தைய அளவுக்கு இறக்குங்கள். சிசேரியன் வலிக்கு வழக்கமாகப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டும் லித்தியத்தை ஏற்றும். பாராசிட்டமால் எழுதுங்கள். பிறந்த குழந்தைக்கு உடல் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்து, தைராய்டையும் சோதியுங்கள்.

வலிப்புக்கும் இருமுனை நோய்க்கும் தரப்படும் லாமோட்ரிஜின், பிறவிக் குறைபாட்டில் அடிப்படை எண்ணை ஒட்டியே நிற்கும் மருந்து. அதன் சிக்கல் வேறு. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் ஏற ஏறக் கல்லீரல் அதை வேகமாக வெளியேற்றும்; ரத்த அளவு பாதிக்கும் கீழே போகலாம், அளவை ஏற்ற வேண்டியிருக்கும். பிரசவத்துக்குப் பிறகு மூன்று வாரத்துக்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். ஏற்றியவர் இறக்க மறந்தால் இரட்டைப் பார்வை, தலைசுற்றல், தள்ளாட்டம். ‘பிரசவ அலுப்பு’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள், கையில் பச்சைக் குழந்தையோடு அவர் தடுமாறிக்கொண்டிருப்பார். இறக்கும் அட்டவணையைப் பிரசவத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இன்னொன்று: லாமோட்ரிஜினை ஐந்தாறு நாள் நிறுத்திவிட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. உயிருக்கே ஆபத்தான தோல் அழற்சி வரக்கூடும் என்பதால் மீண்டும் 25 மி.கி.யில் தொடங்கி, 200 மி.கி.க்கு வர ஆறாவது வாரம் ஆகும். ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்போமே என்ற சொல்லின் விலை ஒன்றரை மாதப் பாதுகாப்பின்மை.

மனச்சோர்வு மாத்திரைகளில் செர்ட்ரலின், எஸ்சிடலோப்ராம், ஃப்ளுவாக்செடின் ஆகியவற்றை நலமாக எடுத்துக்கொண்டிருப்பவருக்கு மாற்றத் தேவை பெரும்பாலும் இராது. புதிதாகத் தொடங்குவதென்றால் செர்ட்ரலின் நல்ல தேர்வு, தாய்ப்பாலில் அது மிகக் குறைவாகவே கலக்கும். பராக்செடினுக்கு இதயக் குறைபாடு பற்றிய எச்சரிக்கை 2005இல் வந்தது. கர்ப்பத்தில் புதிதாக அதைத் தொடங்காமலிருப்பது நல்லது. வெனலாஃபாக்சின் எடுப்பவரின் ரத்த அழுத்தத்தைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பராக்செடினும் வெனலாஃபாக்சினும் சட்டென்று நின்றால் தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வு, குமட்டல், தலைசுற்றல், தூக்கமின்மை எல்லாம் வரும். மசக்கை என்று எழுதி அனுப்பிவிடுவது மிகச் சுலபம். மாத்திரை எப்போது நின்றது என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கடைசி மாதங்களில் இந்த மாத்திரைகளை எடுத்த தாய்மாரின் குழந்தைகளில் பத்தில் மூன்று பேர் வரை முதல் சில நாட்களில் நடுக்கம், ஓயாத அழுகை, வேகமான மூச்சு, பால் குடிக்கச் சிரமம் என்று இருப்பார்கள். பெரும்பாலும் சில நாளில், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகும். இதைத் தவிர்க்கப் பிரசவத்துக்கு முன் மருந்தைக் குறைப்பது பரவலான பழக்கம். குழந்தைக்கு அதனால் நன்மை என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை, தாய்க்கோ மிக மோசமான நேரத்தில் பாதுகாப்பு போகிறது. குழந்தையை இரண்டு மூன்று நாள் வைத்திருந்து பாருங்கள், அது போதும். நுரையீரல் ரத்த அழுத்தம் தணியாமல் நிற்கும் அரிய நிலை ஆயிரத்தில் இரண்டிலிருந்து மூன்றாகக் கூடுகிறது. உதடு நீலம் பூத்தாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது என்று செவிலியருக்கும் தாய்க்கும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். பிரசவ வலிக்கு பெத்திடின், டிரமடால் போடும் முன் இந்த மாத்திரைகளை எடுக்கிறாரா என்று மயக்க மருத்துவர் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்தால் செரோடோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகுந்து காய்ச்சலும் விறைப்பும் வரலாம்.

மனச்சிதைவு மருந்துகளில் ஓலன்சபினும் குயட்டியபினும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றும். அவர்களுக்குக் குளுக்கோஸ் சோதனையைத் தவறவிடாதீர்கள். கர்ப்பம் தெரிந்ததும் புகைபிடிப்பதை விட்ட பெண்ணுக்கு ஓலன்சபின், க்ளோசபின் அளவு ரத்தத்தில் ஏறும். நல்ல காரியம் செய்தவர் பகலெல்லாம் தூங்கி வழிவார். மசக்கைக்கு மெட்டோக்ளோப்ரமைடு எழுதினால், ரிஸ்பெரிடோன் எடுப்பவருக்குக் கழுத்து இழுத்துக்கொள்ளலாம். ரிஸ்பெரிடோனிலிருந்து அரிபிப்ரசோலுக்கோ குயட்டியபினுக்கோ மாற்றும் மனநல மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ரிஸ்பெரிடோன் ஏற்றி வைத்திருந்த புரோலாக்டின் என்ற ஹார்மோன் இறங்கி, அதனால் வருடக்கணக்கில் நின்றிருந்த முட்டை வெளியேற்றம் திரும்பிவிடும். கருத்தடை பற்றி அன்றே பேசாவிட்டால் மூன்று மாதத்தில் கர்ப்பத்தோடு வருவார்.

பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் லோரசெபாம், க்ளோனசெபாம் போன்றவற்றைக் குறைந்த அளவில், குறைந்த நாள் மட்டும் எழுதுங்கள். நெடுநாள் எடுத்தவருக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம். இதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே வருத்தம்.

மருந்தகங்களில் இருப்பவர்களுக்கு: கர்ப்பத்தில் மருந்தின் ஆபத்தைக் குறிக்கும் ஏ, பி, சி, டி, எக்ஸ் என்ற எழுத்துகளை மறந்துவிடுங்கள். 1979இல் வந்த அந்த வரிசையை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே 2015இல் கைவிட்டுவிட்டது. நம் மென்பொருள்களும் கைபேசிச் செயலிகளும்தான் இன்னும் விடவில்லை. அந்த வரிசையில் க்ளோசபின் பி, செர்ட்ரலின் சி. அதை நம்பினால் ரத்த வெள்ளணுக்களை வாரக்கணக்கில் சோதிக்க வேண்டிய க்ளோசபின், செர்ட்ரலினை விடப் பாதுகாப்பானது என்றாகிறது. கர்ப்பிணி கையில் பட்டையைக் கொடுத்துவிட்டு முகம் சுளித்து ‘இதையா சாப்பிடுறீங்க?’ என்று கேட்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சீட்டு எழுதியவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தே மாத்திரையைக் குப்பையில் போடுகிறவர்கள் உண்டு. வால்ப்ரோயேட் சீட்டோடு இளம்பெண் வந்தால் மட்டும், கருத்தடை பற்றி எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பிரசவத்துக்குப் பிறகான முதல் இரண்டு வாரம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய் ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு; இருமுனை நோய் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவர்; முன்பு ஒருமுறை வந்தவர்களில் பாதிப் பேர். தூக்கம் வராமை, ஓயாத பேச்சு, குழந்தையைப் பற்றிய விநோத நம்பிக்கைகள், குழப்பம் என்று ஓரிரு நாளில் முற்றிவிடும். 32 வாரம் அளவில் மகப்பேறு மருத்துவரும் மனநல மருத்துவரும் ஒரே தாளில் திட்டத்தை எழுதிவிட வேண்டும். பிரசவ நாளில் எந்த மருந்து, மறுநாள் எந்த அளவு, இரவில் குழந்தைக்கு யார் பால் புகட்டி இவரைத் தூங்க விடுவார், மருந்து மயக்கம் இருந்தால் குழந்தை தனிப் படுக்கையில், எந்த அறிகுறிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது பெரும்பாலான மருந்துகளுக்குத் தேவையில்லை. குழந்தைக்குப் போய்ச் சேரும் அளவு, எடைக்கு ஈடாகக் கணக்கிட்டால் தாய் எடுக்கும் அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பொதுவாக ஏற்கத்தக்கது. லித்தியத்துக்கும் க்ளோசபினுக்கும் புட்டிப்பாலே நல்லது.

அந்த ஒரு வரிக்குப் பதில் என்ன எழுதுவது என்று கேட்டால், இவ்வளவுதான்: “மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய வருடம், எந்த நோய்க்கு. முன்பு நிறுத்தியபோது நடந்தது. வால்ப்ரோயேட் எடுக்கிறாரா: ஆம் எனில் இந்த வாரமே மனநல மருத்துவர், வலிப்புக்கு எனில் இன்றே நரம்பியல் மருத்துவர். இல்லை எனில் இப்போதைக்குத் தொடரவும், இரண்டு வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பார்க்கவும். ஃபோலிக் அமிலம்: வலிப்பு மருந்து வகை எடுத்தால் 5 மி.கி., மற்றவர்களுக்கு 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரை.” கீழே இரண்டு மருத்துவர்களின் தொலைபேசி எண்களும் இருக்கட்டும், ஒருவரை ஒருவர் கூப்பிட வசதியாக.

இப்படிக்கு,
மனநலத்திலும் மகப்பேற்றிலும் மருந்தியலிலும் பணிபுரிகிறவர்கள்